வென்றவர் பெயர் இருக்கிறது... கவிதை எங்கே?

 

கல்லூரி விழா நடந்தால் கவிதைப் போட்டி இருக்கும். இப்போது அதோடு குறுங்கதைப் போட்டியும் சேர்ந்துகொண்டது. ஐம்பது வார்த்தைக்குள் ஒரு கதை, பத்து வரிக்குள் ஒரு கவிதை. முடிவு வந்ததும் அறிவிப்புப் பலகையில் மூன்று பெயர், மேடையில் மூன்று சான்றிதழ், ஒரு கோப்பை, ஒரு புகைப்படம். அவ்வளவுதான். முதல் பரிசு யாருக்கு என்று கேட்டால் பத்துப் பேர் சொல்வார்கள். அந்த முதல் பரிசுக் கவிதை என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எழுதிய தாள் மதிப்பெண் போட்ட கையோடு பழைய பேப்பர் கட்டுக்குள் போயிருக்கும்.

இது நம் காலத்துப் பிரச்சினை மட்டும்தானா? கோவையும் கருவூரும் ஈரோடும் சேர்ந்த நம் கொங்கு நாட்டில் கவிதைக்குப் பரிசு கொடுப்பது ரொம்பப் பழைய பழக்கம். அந்த வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், பரிசில் எது நிற்கிறது, எது காணாமல் போகிறது என்பது நன்றாகத் தெரிகிறது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

லட்சம் காசும் ஒரு விசிறியும்

கருவூருக்குப் பக்கத்தில் புகளூர். அங்கே ஆறுநாட்டார் மலைக் குகையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று உண்டு. சமணத் துறவி ஒருவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி. அதில் இரும்பொறை மரபைச் சேர்ந்த மூன்று தலைமுறைச் சேரர்களின் பெயர் வருகிறது. சங்க இலக்கியம் பாடிய அதே இரும்பொறை மரபு! பாட்டில் வருகிற அரசர்கள் வெறும் கற்பனை இல்லை என்று சொல்கிற கல் அது.

இந்தச் சேரர்களைப் பாடிய நூல் பதிற்றுப்பத்து. பத்து அரசர்கள், பத்துப் புலவர்கள், ஆளுக்குப் பத்துப் பாட்டு. ஒவ்வொரு பத்தின் முடிவிலும் பிற்காலத்தில் சேர்த்த பதிகம் ஒன்று உண்டு. பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், பரிசு எவ்வளவு என்று கணக்குப் புத்தகம் போல அது சொல்கிறது.

7-ஆம் பத்து: செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பாடிய கபிலருக்கு நூறாயிரம் காணம், அதாவது ஒரு லட்சம் பொற்காசு. அதோடு நன்றா என்ற குன்றின் மேல் ஏறி நின்று, கண்ணுக்குத் தெரிந்த நாட்டையெல்லாம் காட்டிக் கொடுத்தானாம் அரசன்.

8-ஆம் பத்து: தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய அரிசில் கிழாருக்கு ஒன்பது லட்சம் காணம். அது போதாதென்று அரசனும் அரசியும் அரண்மனையை விட்டு வெளியே வந்து நின்று, உள்ளே இருப்பதெல்லாம் உமக்கே என்று அரியணையையே கொடுத்தார்கள். புலவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. நீயே ஆள், நான் அமைச்சனாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

9-ஆம் பத்து: இளஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய பெருங்குன்றூர் கிழாருக்கு 32,000 காணம். அத்துடன் அவருக்கே தெரியாமல் ஊரும் வீடும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்களாம்.

தொகையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். அதைவிட எனக்குப் பிடித்தது காசே இல்லாத ஒரு பரிசு. அரியணையைக் கொடுத்த அதே பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில், களைத்து வந்த மோசிகீரனார் என்ற புலவர் முரசு வைக்கும் கட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கிவிட்டார். முரசு கட்டிலைத் தீண்டினால் தலை போகும். நீராட்ட எடுத்துப் போயிருந்த முரசு திரும்பி வருகிறது, அரசன் பார்க்கிறான். வாளை எடுக்கவில்லை. விசிறியை எடுத்துப் புலவர் எழும் வரை வீசிக்கொண்டிருந்தான். புறநானூற்றின் 50-ஆம் பாட்டு இதைச் சொல்கிறது. ஒன்பது லட்சத்தை நாம் மறந்துவிடலாம். அந்த விசிறியை மறக்க முடியுமா?

பரிசு தாமதமானால்?

எல்லாப் புலவருக்கும் இப்படி நடக்கவில்லை. புறப்பாடல்களில் 'பரிசில் கடாநிலை' என்றே ஒரு துறை இருக்கிறது. கொடுக்க வேண்டிய பரிசைக் கொடுக்காமல் இழுத்தடிக்கிற தலைவனிடம் புலவன் கேட்பது! அதற்கென்று ஓர் இலக்கியத் துறையே வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். 32,000 காணம் வாங்கிய அந்தப் பெருங்குன்றூர் கிழார் பெயரிலேயே, குடக்கோச் சேரல் இரும்பொறை தன்னை வெறுங்கையோடு அனுப்புவதைக் குறைசொல்லும் பாட்டுகள் புறநானூற்றில் உள்ளன.

இன்னொரு பாட்டு இதைவிட முக்கியம். பெருஞ்சித்திரனார் தகடூர் அதியமானைப் பார்க்க மலையும் காடும் கடந்து போகிறார். அதியமான் அவரைச் சந்திக்காமலே பரிசை மட்டும் கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்கவில்லை. என்னைப் பார்க்காமல், என் தகுதி தெரியாமல் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை. என்னை அறிந்து கொடுத்தால் தினையளவு போதும் என்கிறார் (புறநானூறு 208).

பாட்டைப் படிக்காமல் கொடுக்கிற பரிசு பரிசே இல்லை என்று 2000 ஆண்டுக்கு முன்பே நம் பக்கத்து ஊரில் ஒருவர் சண்டை போட்டிருக்கிறார். இப்போது மேடையில் பெயரை மட்டும் வாசித்துக் கோப்பையைக் கொடுக்கிறோமே, அதை அவர் பார்த்தால் என்ன சொல்வார்?

பெயர் தெரியாத இரண்டு வெற்றியாளர்கள்

பதிற்றுப்பத்தில் பத்துப் பத்து என்றேன் அல்லவா? இன்று கையில் இருப்பது எட்டுதான். முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. அந்த இரண்டு புலவர்களின் பெயர் கூட நமக்குத் தெரியாது. அவர்களுக்கும் லட்சக்கணக்கில் காணம் கிடைத்திருக்கலாம், நாடே கிடைத்திருக்கலாம். என்ன பிரயோசனம்? பாட்டு போனதும் பரிசும் போய்விட்டது, பெயரும் போய்விட்டது.

கபிலருக்குக் கொடுத்த லட்சம் காசு இன்று யாரிடமும் இல்லை. குன்றிலிருந்து காட்டிக் கொடுத்த நாடு எத்தனையோ கை மாறிவிட்டது. ஆனால் அந்தப் பரிசைப் பற்றி நான் இன்று எழுதுகிறேன் என்றால், பத்துப் பாட்டையும் யாரோ ஒருவர் ஓலையில் படியெடுத்தார், அவருக்குப் பின் இன்னொருவர் எடுத்தார், கடைசியில் உ.வே. சாமிநாதையர் 1904-இல் அச்சில் கொண்டுவந்தார் என்பதால்தான். பரிசு பாட்டைக் காப்பாற்றவில்லை. பாட்டுதான் பரிசைக் காப்பாற்றியது.

மூன்று வரி முதல் ஆறு வரி வரை

குறுங்கவிதைப் போட்டிக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய நூல் ஐங்குறுநூறு. சின்னச் சின்னப் பாட்டு, மொத்தம் 500. இதைத் தொகுக்கச் செய்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஆம், அதே இரும்பொறை மரபு. தொகுத்தவர் கூடலூர் கிழார். 'புலத்துறை முற்றிய' என்பது அவருக்குக் கிடைத்த அடைமொழி.

இந்தத் தொகுப்பின் அமைப்பைப் பாருங்கள். வரி அளவு: 3 முதல் 6. புலவர்கள் 5 பேர். ஆளுக்கு ஒரு திணை, ஆளுக்கு 100 பாட்டு. மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்திருக்கும். எருமைப் பத்து, குரக்குப் பத்து, கிள்ளைப் பத்து, மஞ்ஞைப் பத்து என்று தலைப்புகள். எருமை வருகிற மாதிரி பத்துக் கவிதை எழுது என்று தலைப்புக் கொடுத்த மாதிரியே இருக்கிறதா இல்லையா?

இது போட்டி வைத்துச் சேர்த்தது என்பதற்குச் சான்று கிடையாது. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் ஒரு நல்ல போட்டிக்கு வேண்டிய மூன்றும் இங்கே இருக்கின்றன: அளவு விதி, தலைப்பு, விஷயம் தெரிந்த தேர்வாளர். அதற்கும் மேலே நான்காவதாக ஒன்று இருக்கிறது. தேர்ந்தெடுத்ததை ஒன்றாகக் கட்டி வைத்தார்கள். 129, 130 என்ற இரண்டு பாட்டுத் தவிர மற்றதெல்லாம் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1903-இல் உ.வே.சா. பதிப்பித்தார்.

இன்னொரு விஷயம். கூடலூர் கிழார் சுமாரான கவிஞர் இல்லை. குறுந்தொகையின் 167-ஆம் பாட்டு அவருடையது. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். பிசைந்த கையோடு புடவையைச் சரிசெய்து கொள்கிறாள், துவைக்க நேரமில்லை. தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது. அவள் சமைத்த புளிக்குழம்பை நன்றாக இருக்கிறது என்று கணவன் சாப்பிடுகிறான். அவள் முகத்தில் மெல்லிதாக ஒரு மகிழ்ச்சி. அவ்வளவுதான், 6 வரி. பாத்திரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, பதற்றம் இருக்கிறது, முடிவு இருக்கிறது. இன்றைய குறுங்கதைப் போட்டிக்கு அனுப்பினால் முதல் பரிசு நிச்சயம்!

இப்படி எழுதத் தெரிந்தவர், தான் தொகுத்த நூலில் தன் பெயருக்கு ஒரு நூறு வைத்துக்கொள்ளவில்லை. ஐந்து பேரில் அவர் இல்லை. நடுவர் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று இன்று விதி எழுதுகிறோம். அவருக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்?

தொகுக்கச் சொன்ன அரசன் அவருக்கு முன்னால் இறந்துபோனான். வானத்தில் ஒரு மீன் விழுந்ததைப் பார்த்து அஞ்சி, ஏழாம் நாள் அரசன் இறந்ததும் அவர் பாடிய பாட்டு புறநானூற்றில் 229-ஆவதாக இருக்கிறது. அரசன் கட்டிய மாளிகை எது என்று இன்று காட்ட முடியாது. அவன் தொகுக்கச் சொன்ன சின்னக் கவிதைகள் இருக்கின்றன.

தோற்றவர்களையும் எழுதி வைத்த ஊர்

இங்கே கொஞ்சம் ஜப்பான் பக்கம் போய்வரலாம். நிஜமாகவே போட்டி வைத்து, அதன் முழுப் பதிவையும் வைத்திருப்பவர்கள் அவர்கள். 'உதா அவாசே' என்று பெயர். இடது அணி, வலது அணி. ஒரே தலைப்பில் அணிக்கு ஒரு குறுங்கவிதை. நடுவர் வெற்றி, தோல்வி, சமம் என்று தீர்ப்புச் சொல்வார்.

1193-ஆம் ஆண்டு வாக்கில் முடிந்த 'அறுநூறு சுற்று'ப் போட்டி ரொம்பப் பிரபலம். 12 கவிஞர்கள், ஆளுக்கு 100 கவிதை, மொத்தம் 1200. நடுவர் ஃபுஜிவாரா நோ ஷுன்ஸெய், அப்போது எண்பது வயதை நெருங்கியவர். நம் ஐங்குறுநூற்றிலும் ஆளுக்கு 100 என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும்.

அந்தப் பதிவில் வென்ற கவிதைக்குப் பக்கத்திலேயே தோற்ற கவிதையும் இருக்கிறது. ஏன் வென்றது, ஏன் தோற்றது என்ற நடுவரின் காரணமும் இருக்கிறது. அதனால் 800 ஆண்டு கழித்துப் படிக்கிற ஒருவர் நடுவரோடு சண்டை போடலாம். இல்லை ஐயா, தோற்றதுதான் நல்ல கவிதை என்று சொல்லலாம். அந்த உரிமை படிப்பவருக்கு இருக்கிறது. நமக்கு நம் போட்டிகளில் அது இல்லை.

பரிசே இல்லாத ஒரு கவிதை இயக்கம்

சரி, கோவைக்கே திரும்புவோம். 1971-இல் இங்கே சில இளைஞர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து 'வானம்பாடி' என்ற கவிதை இதழைத் தொடங்கினார்கள். புவியரசு, சிற்பி, ஞானி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன், சக்திக்கனல், கங்கைகொண்டான் எனப் பலர். காசுக்கு விற்காமல் இலவசமாகக் கொடுத்த இதழ். அரசன் இல்லை, பொற்காசு இல்லை, கோப்பை இல்லை. பார்க்கப்போனால் கவிஞர்கள்தான் கைக்காசு போட்டார்கள். பிறகு இந்தக் கவிதைகளைச் சேர்த்து 'வெளிச்சங்கள்' என்ற தொகுப்பும் வந்தது.

இவர்களுக்குள் ஏகப்பட்ட சண்டை, கருத்து வேறுபாடு. வெளியில் இருந்தும் திட்டு. மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது, கவிதையாக இல்லை என்று சிறுபத்திரிகைக்காரர்கள் சொன்னார்கள். அந்த விமர்சனத்தில் நியாயமும் இல்லாமல் இல்லை. ஆனால் என்ன ஆயிற்று பாருங்கள். வானம்பாடியோடு சேர்த்துப் பேசப்படும் கவிஞர்களில் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர்கள்: அப்துல் ரகுமான் 1999 (ஆலாபனை), சிற்பி 2002 (ஒரு கிராமத்து நதி), ஈரோடு தமிழன்பன் 2004 (வணக்கம் வள்ளுவ), மு. மேத்தா 2006 (ஆகாயத்துக்கு அடுத்த வீடு), புவியரசு 2009 (கையொப்பம்). பரிசுக்காக எழுதாமல் எழுதியதைச் சேர்த்து வைத்தவர்களைத் தேடிப் பரிசு வந்தது. இதில் தமிழன்பன் 1985-இல் 'சூரியப் பிறைகள்' என்று ஹைக்கூ தொகுதியே போட்டவர். ஜப்பான்காரர்களின் மூன்று வரி சென்னிமலைப் பக்கத்துக் கவிஞர் வரை வந்து சேர்ந்துவிட்டது.

அந்தக் குழுவில் இருந்த ஞானியை (கோவை ஞானி, 1935–2020) இந்தக் கட்டுரையில் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழாசிரியர், விமர்சகர், மார்க்சியர். நடு வயதுக்குப் பின் கண்பார்வையை இழந்தார். பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டும், சொல்லி எழுத வைத்தும்தான் மிச்ச வேலையெல்லாம் செய்தார். 'நிகழ்', 'தமிழ் நேயம்' இதழ்களை நடத்தினார். அவர் பெண்களுக்காகச் சிறுகதைப் போட்டி நடத்தி, தேர்வான கதைகளைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார். நன்றாகக் கவனியுங்கள். பரிசு அறிவித்ததோடு நிறுத்தவில்லை, கதைகளைப் புத்தகமாக்கினார். கண் தெரியாத ஒருவர் கதைகளைக் காதால் கேட்டுத் தொகுத்திருக்கிறார். கண் நன்றாகத் தெரிகிற நாம் தாளைத் தொலைக்கிறோம்.

சென்னையில் 1970-இல் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்பும் இதே வழிதான். பத்திரிகைகளில் வந்த கதைகளில் மாதம் ஒன்று தேர்ந்தெடுத்து, ஆண்டு முடிவில் அவற்றைத் தொகுப்பாக வெளியிட்டார்கள். பழைய இதழ்கள் கிடைக்காத இன்று அந்தத் தொகுப்புகள்தான் கை கொடுக்கின்றன.

55 வார்த்தைக் கதை எங்கிருந்து வந்தது?

குறுங்கதைப் போட்டி நமக்கு வந்த வழியிலும் இதே பாடம்தான். 1987-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற சிறு நகரத்தில், 'நியூ டைம்ஸ்' வாரப் பத்திரிகையை நடத்திய ஸ்டீவ் மாஸ் என்பவர் 55 வார்த்தைக்குள் கதை எழுதும் போட்டி வைத்தார். வென்ற கதைகளைப் பத்திரிகையில் போட்டார். பிறகு அவை புத்தகமாகவும் வந்தன. அந்தப் புத்தகங்கள் வழியாகத்தான் 55 வார்த்தை என்ற கணக்கு உலகம் முழுக்கப் போனது. 'ஃபிளாஷ் ஃபிக்ஷன்' என்ற பெயர் பரவியதும் 1992-இல் அதே தலைப்பில் வந்த ஒரு தொகுப்பால்தான். ஒரு வடிவத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே தொகுப்பு!

தமிழில் குமுதம் மாதிரி வாரப் பத்திரிகைகளின் ஒரு பக்கக் கதைகள் இதற்குப் பெரியண்ணன். எத்தனை ஆயிரம் வந்திருக்கும்! அவற்றை எழுதிய எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? படித்தோம், சிரித்தோம், அந்தத் தாளில் பொட்டலம் கட்டினோம். அண்மையில் எஸ். ராமகிருஷ்ணன், பெருந்தேவி போன்றவர்கள் குறுங்கதைகளைத் தனிப் புத்தகமாகவே கொண்டுவந்த பிறகுதான் அந்த வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் மரியாதையாகப் பேச ஆரம்பித்திருக்கிறோம்.

அப்போ என்ன செய்யலாம்?

எனக்குத் தோன்றுவது மூன்றே விஷயம். பெரிய செலவு ஒன்றும் கிடையாது.

1. முடிவை அறிவிக்கும்போது பெயரோடு படைப்பையும் ஒட்ட வேண்டும். பத்து வரிக் கவிதை அறிவிப்புப் பலகையில் எவ்வளவு இடத்தை அடைத்துவிடும்? மேடையில் வென்றவரையே வாசிக்கச் சொல்லலாம். பெருஞ்சித்திரனார் கேட்டது இதைத்தான்.

2. நடுவர் மூன்று வரி காரணம் எழுத வேண்டும். ஷுன்ஸெய் 600 சுற்றுக்கு எழுதினார். நம் நடுவர்கள் மூன்று பரிசுக்கு எழுதக் கூடாதா? தோற்றவருக்கு அடுத்த முறை என்ன செய்யலாம் என்றாவது தெரியும்.

3. ஆண்டு முடிவில் எல்லாப் படைப்பையும், பரிசு கிடைக்காததையும் சேர்த்து, ஒரு சின்னத் தொகுப்பாக்கி நூலகத்தில் வைக்க வேண்டும். ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டால் கூடப் போதும். எல்லாமே நன்றாக இருக்காது. இருக்கவும் வேண்டாம். இருபது வருடம் கழித்து ஒருவர் அதில் ஒரே ஒரு நல்ல கவிதையைக் கண்டுபிடித்தால் போதும்.

பரிசு வாங்கியவர்களை நான் குறைசொல்லவில்லை. கை தட்டுகிற கூட்டத்தில் நானும் உண்டு. ஆனால் பதிற்றுப்பத்தின் அந்த இரண்டு புலவர்கள் என் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறார்கள். சேர அரசனே பரிசு கொடுத்த கவிஞர்களுக்கு அந்தக் கதி என்றால், சான்றிதழ் மட்டும் வாங்கிய நம் வகுப்புக் கவிஞருக்கு?

உங்கள் கல்லூரியில் கடைசியாக நடந்த போட்டியில் முதல் பரிசு பெற்ற கவிதையோ கதையோ உங்களிடம் இருந்தால், எழுதியவரிடம் கேட்டுவிட்டு எனக்கு அனுப்புங்கள். பரிசு கிடைக்காததையும் அனுப்பலாம். அனுப்புகிற எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறேன்.